லிண்டாலுக்கு விழுந்த முதலிட ஓட்டு

ஓட்டுச்சீட்டு விஷயத்தில் ரோனல் ஸ்டென்விக்கின் வாயைக் கிண்டி ஒரு வார்த்தை வாங்க முடியாது. அமெரிக்காவில் கூடைப்பந்து ஆடுகிற ப்ரேரி லீக்கின் ஒன்பது கல்லூரிக்கும் இது தெரியும். லிண்டால் கல்லூரியின் விளையாட்டுச் செய்திப் பிரிவில் முப்பத்தொரு வருஷமாக இருக்கிறாள். பிரிவு என்றால் என்னமோ பெரிய கூட்டம் என்று நினைக்க வேண்டாம், அவள் ஒருத்திதான். ஸ்கோர் எழுதுவது, போட்டோ எடுப்பது, பத்திரிகைக்காரர்களுக்கு போன் போடுவது, மைக் பிடிக்கிற ஆள் வராத நாளில் மைக் பிடிப்பது எல்லாம் அவள் தலையில்தான்.

அக்டோபர் வந்தால் சீசன் முன்னோட்டம் எழுத வேண்டும். எந்த டீம் எங்கே முடிக்கும் என்று ஒன்பது கோச்சுகளும் ஓட்டுப் போடுவார்கள். சொந்த டீமுக்குப் போடக் கூடாது, மற்ற எட்டு டீமையும் ஒன்றிலிருந்து எட்டு வரை வரிசைப்படுத்த வேண்டும். முதலிடத்துக்கு எட்டுப் புள்ளி, கடைசி இடத்துக்கு ஒரு புள்ளி. யார் யாருக்குப் போட்டார்கள் என்பது ஓட்டு எண்ணுகிற ஆளுக்கு மட்டும்தான் தெரியும், செத்தாலும் வெளியே சொல்லக் கூடாது. எண்ணுகிற வேலை கல்லூரிக்குக் கல்லூரி சுற்றி வரும், இந்த வருஷம் லிண்டாலின் முறை.

லிண்டால் டீமின் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். போன சீசனில் இருபத்தைந்து ஆட்டத்தில் ஜெயித்தது மூன்று, அதற்கு முந்தைய சீசனில் இரண்டு. கடைசி இடம் எங்களுக்கே என்று பட்டா போட்டு வைத்திருந்தார்கள். ஆகவே ரோனல் சீட்டுகளைப் பிரிக்கும்போது லிண்டால் என்ற பெயரைத் தேடவே இல்லை. அது அடியில் இருக்கும், வேறு எங்கே போகும்?

ஏழாவது சீட்டில் அது உச்சியில் இருந்தது.

லிண்டால், ஒன்று. அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அதே ஒன்று. அனுப்பியவன் கிப் ரன்ஹைம், ஆஸ்ட்ரம் கல்லூரிக்கு இந்த வருஷம் புதிதாக வந்த கோச், இருபத்தொன்பது வயசுப் பையன். புதுசாக வந்தவன், பழைய சேறு எதுவும் கண்ணில் இல்லாதவன், யாருக்கும் தெரியாத எதையோ எங்கள் பசங்களிடம் கண்டுவிட்டான் என்று அவளுக்குத் தோன்றியது. நெஞ்சு குளிர்ந்து போனது. வேறு எந்தக் கல்லூரியின் பெயர் அப்படித் தலைகீழாக வந்திருந்தாலும் உடனே போனை எடுத்து, "தம்பி, இது சரிதானா?" என்று கேட்டிருப்பாள். அன்றைக்குக் கேட்கவில்லை. கையில் காபியோடு எழுந்து ஜன்னல் வரை நடந்து போனாள், திரும்பி வந்தாள், புள்ளிகளைக் கூட்டினாள், முன்னோட்டத்தை எழுதி அனுப்பியே விட்டாள்.

பட்டியலில் லிண்டால் ஒன்பதாவதுதான். பதினைந்து புள்ளி. ஆனால் பெயருக்குப் பக்கத்தில், முதலிட ஓட்டு: ஒன்று.

மறுநாள் ஊர் ஊராக இல்லை. நாலாயிரம் பேர் இருக்கிற ஊரில் அந்த ஒரு ஓட்டைப் பற்றிப் பேசாத வாய் இல்லை. பேக்கரி வாசல் பலகையில் "ஒருத்தருக்காவது புத்தி இருக்கு" என்று எழுதி வைத்தார்கள். லூத்தரன் தேவாலயத்தில் புதன்கிழமை சாப்பாட்டுக்கு வந்தவர்கள், உருளைக்கிழங்கும் கறியும் போட்டுச் சுட்ட ஹாட்டிஷை அப்படியே ஆறவிட்டு, யார் போட்டிருப்பார்கள் என்று விவாதித்தார்கள். முடிவெட்டுகிற லாயல் என்பவர் ரோனலை மடக்கினார்.

"நீ சொல்ல வேண்டாம். நான் பேரைச் சொல்றேன், நீ கண்ணை மட்டும் சிமிட்டு."

"எனக்குக் கண்ணுல தூசி விழுந்தாக்கூட இன்னிக்குச் சிமிட்ட மாட்டேன், லாயல்."

டீம் பசங்களுக்கோ கால் தரையில் பாவவில்லை. கேப்டன் குவெத் கட்லுவாக், ஆறடி எட்டு அங்குலம், நாலாவது வருஷம். அவன் அம்மா தெற்கு சூடானிலிருந்து வந்து, நாற்பது மைல் தள்ளி வான்கோழித் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவள். கூட டீமில் சேர்ந்தவர்கள் எல்லாம் தோல்வி தாங்காமல் வேறு கல்லூரிக்கு மாறிப் போனபோது இவன் மட்டும் போகவில்லை. பயிற்சி முடிந்து ரோனலின் அறைக் கதவில் தலை இடிக்காமல் குனிந்து நுழைந்தான்.

"ரோனல், அந்தப் பக்கத்தை எனக்கு ஒரு காப்பி எடுத்துத் தருவீங்களா? எங்கம்மாவுக்கு. அவங்க போன்ல காட்டினா நம்ப மாட்டாங்க, பேப்பர்ல இருந்தாதான் நம்புவாங்க."

இரண்டு காப்பி எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது அவளுக்கும் பெருமை பிடிபடவில்லை.

மூன்றாம் நாள் ரேடியோவில் கோர்டன் பிரான்ட்வோல்ட் பேசினார். வெஸ்ட்மார்க் கல்லூரியின் கோச், நாலு வருஷமாகச் சாம்பியன். அவர் டீமுக்குப் போட முடிந்த எட்டு ஓட்டில் ஏழுதான் முதலிட ஓட்டாக வந்திருந்தது. ஒன்று குறைந்ததை அந்த மனுஷனால் ஜீரணிக்க முடியவில்லை.

"எங்களுக்கு வர வேண்டிய ஓட்டு எங்கே போச்சுன்னு குழந்தைக்குக்கூடத் தெரியும்," என்றார். "மெர்ல் ஹௌகன் சொந்த டீமுக்கே குத்திக்கிட்டான். பாவம், நடு மைதானத்துல நின்னு கத்தினாலும் வேற யாரும் போட மாட்டாங்களே. ஆனா ரூல்னு ஒண்ணு இருக்கு இல்லையா?"

மெர்ல் ஹௌகன் லிண்டாலின் கோச். அறுபது வயசு. நடுவர் கவனிக்காத தப்பைக்கூடத் தன் ஆள் செய்திருந்தால் கையைத் தூக்கிச் சொல்லிவிடுகிற ஆள். அதனால் தோற்ற ஆட்டங்களே நாலைந்து இருக்கும், அதற்காக வீட்டில் மனைவியிடம் அவர் வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சு தனி. அவரைப் போய்த் திருடன் என்று ரேடியோவில் சொன்னால் ரோனலுக்கு எப்படி இருக்கும்? ரத்தம் கொதித்தது. அவருடைய சீட்டு அவள் மேஜை இழுப்பறையில்தான் இருந்தது. அதில் அவர் வெஸ்ட்மார்க்குக்குத்தான் முதலிடம் போட்டிருந்தார், அழகான கையெழுத்தில். அதை எடுத்து பிரான்ட்வோல்டின் மூஞ்சிக்கு நேரே நீட்ட முடியாது என்பதுதான் கொடுமை.

அப்போதுதான், கோபத்தில், கிப் ரன்ஹைமின் சீட்டை மறுபடி எடுத்தாள். இந்தத் தடவை முழுதாகப் பார்த்தாள். லிண்டால் ஒன்று. போன வருஷம் எட்டாவதாக வந்த டீம் இரண்டு. ஏழாவதாக வந்தது மூன்று. அப்படியே போய், வெஸ்ட்மார்க் எட்டு.

சின்னப் பிள்ளை பார்த்தால்கூடத் தெரியும். பையன் இடத்தை எழுதுவதற்குப் பதில் புள்ளியை எழுதிவிட்டான். நல்ல டீமுக்கு எட்டு, மோசமான டீமுக்கு ஒன்று. மொத்தத்தில் லிண்டாலைத்தான் அவனும் மட்டம் தட்டியிருந்தான்.

மறுநாள் காலை எழுபது மைல் காரோட்டி ஆஸ்ட்ரமுக்குப் போனாள். இரண்டு பக்கமும் சோளம் அறுத்துக்கொண்டிருந்தார்கள். கிப் ரன்ஹைம் தன் அறையில் இன்னும் பிரிக்காத அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். அவள் சீட்டை மேஜையில் வைத்தாள்.

"இது நீங்க அனுப்பினது."

"ஆமா. ஏன், லேட்டாயிடுச்சா?"

"ஒண்ணுன்னா என்ன அர்த்தம்னு நெனச்சு எழுதினீங்க?"

"ஒரு பாயிண்ட். எட்டுன்னா எட்டு பாயிண்ட்."

"பாயிண்ட் போடறது என் வேலை, கிப். நீங்க எடத்தை மட்டும்தான் எழுதணும். ஒண்ணுன்னா முதல் எடம்."

"ஓ," என்றான். கொஞ்ச நேரம் சீட்டையே பார்த்தான். "அப்ப வெஸ்ட்மார்க்கை நான்..."

"கடைசியில போட்டிருக்கீங்க."

அவனுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு முகம் வெளுத்தது. "அய்யோ, ரேடியோவுல திட்டினது இதுக்குத்தானா? ரோனல், நான் வந்து மூணு மாசம்கூட ஆகலை. ஓட்டுப் போடத் தெரியாதவனை கோச்சா வெச்சிருக்கோம்னு எங்க ஆளுங்க வாழ்நாள் பூரா ஓட்டுவாங்க."

"உங்க பேரை நான் சொல்ல மாட்டேன். சொல்ற உரிமை எனக்குக் கிடையாது. ஆனா ஓட்டைத் திருத்தணும். திருத்திக் கையெழுத்துப் போடுங்க."

போட்டான். போட்டுவிட்டு, வாசல் வரை கூட வந்து, "உங்க டீம் நிஜமாவே அவ்வளவு மோசமா?" என்று கேட்டான். அவள் காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டே வந்தாள். அந்தப் பையனைச் சொல்லி என்ன? அவன் புதுசு. முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டியவள் இவள்தானே. சாம்பியனை அடியில் போட்ட சீட்டு கைக்கு வந்தும், சொந்தப் பெயரை மேலே பார்த்ததும் பல்லை இளித்துக்கொண்டு விட்டுவிட்டாளே. அதை நினைக்கும்போது காதெல்லாம் சுட்டது.

மெர்லை மைதானத்தில் பிடித்தாள். பசங்கள் இன்னும் வரவில்லை, அவர் பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். கிப்பின் பெயரைச் சொல்லாமல் நடந்ததைச் சொன்னாள். அவர் காற்றடிப்பதை நிறுத்தவில்லை.

"அப்ப நமக்கு எத்தனை புள்ளி?"

"எட்டு. எட்டுப் பேரும் கடைசியில போட்டிருக்காங்க. அதுக்குக் கீழே போக முடியாது."

"நான் சொன்னா கேப்பியா, ரோனல்? விட்டுடு."

"என்னது?"

"விட்டுடு. கோர்டன் என்னைத் திருடன்னு சொன்னா சொல்லிட்டுப் போறான். அறுபது வயசுல எனக்கு அது ஒறைக்காது. இந்தப் பசங்க ரெண்டு வருஷத்துல மொத தடவையா சிரிச்சுக்கிட்டே பயிற்சிக்கு வர்றாங்க. குவெத் நேத்து எல்லாருக்கும் முன்னாடி வந்து நிக்கிறான், விளக்கைக்கூடப் போடலை நாங்க. அந்த ஒரு ஓட்டு அவங்ககிட்ட இருக்கட்டும்."

"உங்க பேரு நாறுது, மெர்ல்."

"என் பேருதானே. எனக்குச் சம்மதம்."

அவள் அங்கேயே நின்றாள். சும்மா சொல்லக் கூடாது, அவளுக்கும் ஆசைதான். யாருக்கும் தெரியாது. கிப் வாயைத் திறக்க மாட்டான், இவரும் திறக்க மாட்டார். மூன்று வாரத்தில் சீசன் தொடங்கிவிடும், பிறகு முன்னோட்டத்தை யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள்? பசங்களின் சிரிப்பு ஒரு பக்கம், இந்த மனுஷனின் மானம் ஒரு பக்கம். அந்த மனுஷனே வேண்டாம் என்கிறார், நீ யாரடி நடுவில் என்று ஒரு குரல் உள்ளே கேட்டது.

"எனக்குச் சம்மதம் இல்லை," என்றாள். "அது பொய்யான எண்ணு. பொய்யான எண்ணை என் கையால நான் விட்டதே இல்லை. திருத்தம் போகும், உங்களைத் திருடன்னு சொன்னவன் காதுக்கு நேராவே போகும்."

மெர்ல் பந்திலிருந்து ஊசியைப் பிடுங்கினார். பிறகு, "உங்கூட எவன் வாதாடுவான்," என்று அடுத்த பந்தை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை லீக்கின் பத்திரிகையாளர் சந்திப்பு. நெடுஞ்சாலை ஓரத்து ஓட்டல் ஒன்றின் விருந்து ஹாலில் ஒன்பது மேஜை, ஒவ்வொன்றிலும் ஒரு கோச், ஒரு ஆட்டக்காரன். எதிரே பதினைந்து இருபது பத்திரிகைக்காரர்களும் ரேடியோக்காரர்களும், இலவச சாண்ட்விச்சுக்காக வந்தவர்களையும் சேர்த்து. லிண்டாலுக்கு மெர்லும் குவெத்தும் வந்திருந்தார்கள். குவெத் புது டை கட்டியிருந்தான், அது அவன் உயரத்துக்குப் பாதி வயிற்றோடு நின்றுவிட்டது.

மெர்ல் பசங்களிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை, சொல்ல வாய் வரவில்லை என்றார். குவெத் அதை மைக்கில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று ரோனல் அவனை நடைபாதைக்குக் கூட்டிப் போய்ச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. ஓட்டு தப்பு, நான் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை, இன்னும் பத்து நிமிஷத்தில் அதை எடுத்துவிடப் போகிறேன்.

அவன் தலைக்கு மேலே இருந்த விளக்கைப் பார்த்தான், டையைத் தடவினான். "எங்கம்மா அதை பிரிட்ஜ்ல ஒட்டி வெச்சிருக்காங்க," என்றான். அவ்வளவுதான். திரும்பி ஹாலுக்குள் நடந்தான். அந்த முதுகைப் பார்க்கிறபோது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் போய் மைக்கைப் பிடித்தாள்.

"முன்னோட்டத்துல ஒரு திருத்தம் இருக்கு," என்றாள். "ஒரு ஓட்டுச்சீட்டு தலைகீழா நிரப்பி வந்தது. பார்த்தவுடனே போன் பண்ணிக் கேட்டிருக்கணும். நான் கேக்கலை. ஏன்னா அதுல மேலே இருந்தது என் காலேஜ் பேரு. வேற பேரா இருந்தா கேட்டிருப்பேன். தப்பு என்னோடது, என் பேரோடவே எழுதிக்கலாம். வெஸ்ட்மார்க், எட்டு முதலிட ஓட்டு, அறுபத்து நாலு புள்ளி. லிண்டால், முதலிட ஓட்டு கிடையாது, எட்டுப் புள்ளி. இன்னொண்ணு. அந்தச் சீட்டு லிண்டால்ல இருந்து வரலை."

ஹாலில் ஒரு சலசலப்பு. யாருடையது, யாருடையது என்று முன் வரிசையில் கேட்டார்கள். அவள் திருத்தத் தாளை மடித்தாள். சொல்ல மாட்டாள் என்று தெரிந்தும் கேட்டார்கள்.

"என்னோடது," என்றது ஒரு குரல். கிப் ரன்ஹைம் எழுந்து நின்றிருந்தான், காது மடல் சிவந்து. "புள்ளி எழுதணும்னு நெனச்சேன். எட்டு வரைக்கும் எண்ணத் தெரியும், எந்தப் பக்கத்துல இருந்துன்னுதான் தெரியலை. சிரிச்சுக்குங்க, இன்னிக்கு ஒரு நாளோட முடிச்சுக்குங்க."

சிரித்தார்கள். நன்றாகவே சிரித்தார்கள், ஆனால் அதில் விஷமில்லை. சிரிப்பு அடங்கியதும் எல்லார் பார்வையும் பிரான்ட்வோல்ட் பக்கம் திரும்பியது. மனுஷனுக்கு மூக்குடைந்துவிட்டது. தொண்டையைச் செருமினார், தண்ணீர் குடித்தார், கடைசியில் எழுந்து மேஜைகளைச் சுற்றி மெர்லிடம் வந்தார்.

"ரேடியோவுல நான் சொன்னது தப்பு, மெர்ல். அதையும் ரேடியோவுலயே சொல்லிடறேன்."

"சொல்லு. நீ எங்களை எத்தனையாவது போட்ட?"

"கடைசி."

"அது தப்பில்லை," என்றார் மெர்ல். "அதைத் திருத்த வேண்டாம். ஜனவரியில உங்க மைதானத்துக்கு வந்து நாங்களே பாத்துக்கறோம்."

இருவரும் கை குலுக்கினார்கள். அந்த ரேடியோப் பேச்சிலிருந்து மெர்லின் முகம் எப்படி இருந்தது என்று ரோனலுக்கு அப்போதுதான் உறைத்தது, ஏனென்றால் அது இப்போது மாறியிருந்தது. ஒறைக்காது என்று சொன்னாராம். எல்லாம் ஒறைத்திருக்கிறது.

ஆட்டக்காரர்கள் முறை வந்தது. எட்டுப் பேரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள், கடுமையாக உழைக்கிறோம், ஒவ்வொரு ஆட்டமாகப் பார்க்கிறோம் என்று. கடைசியாக லிண்டால். குவெத் எழுந்தபோது மைக் அவன் மார்புக்குத்தான் எட்டியது. குனிந்தான். நகரத்துப் பத்திரிகையிலிருந்து வந்த இளைஞன் ஒருவன், அவனும் நல்லவன்தான், கேட்கக் கூடாததைக் கேட்டான்.

"ஒரு வாரமா உங்களுக்கு ஒரு முதலிட ஓட்டு இருந்தது. இப்ப எட்டுப் பேருமே உங்களைக் கடைசியில போட்டிருக்காங்க. எப்படி இருக்கு?"

ரோனல் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். ஆட்டக்காரன் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் எழுதுவது அவள் வேலை. தலையைத் தூக்க அவளுக்குத் தெம்பில்லை.

"கஷ்டமாத்தான் இருக்கு," என்றான் குவெத். "அந்த ஓட்டு எனக்குப் பிடிச்சிருந்தது. எங்கம்மாவுக்கும் பிடிச்சிருந்தது. அதை எங்ககிட்ட இருந்து எடுத்தது யாரு? வெஸ்ட்மார்க் இல்லை. எங்க ஆளே எடுத்தாங்க. எடுக்காம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது." நிறுத்தி ஹாலைச் சுற்றிப் பார்த்தான். "இங்க இன்னும் எட்டு காலேஜ் இருக்கு. உங்க காலேஜா இருந்தா உங்க ஆளு எழுந்து சொல்லியிருப்பாங்கன்னு நிச்சயமாத் தெரிஞ்சவங்க கையைத் தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. பிரான்ட்வோல்டின் கை மேஜை மேலேயே கிடந்தது.

"எழுந்து நின்னு சொல்ற காலேஜுக்குத்தான் நான் ஆடறேன்," என்றான் குவெத். "நாலு வருஷமா ஏன் வேற எடத்துக்குப் போகலைன்னு கேக்கறாங்க இல்லையா, அதான்." உட்கார்ந்துகொண்டான்.

ரோனலின் பேனா நோட்டில் எங்கோ ஒரு கோட்டை இழுத்துவிட்டு நின்றிருந்தது. ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த ரேடியோக்காரன் அவள் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தான்.

"கடைசியில என்ன சொன்னான்? எனக்குச் சரியா விழலை. எந்தக் காலேஜுக்கு ஆடறானாம்?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். ஹாலில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, குவெத் சொன்னதை ஒரு வார்த்தை மாறாமல் அப்படியே திருப்பிச் சொன்னாள்.